பிவட் ஆட்டம், செயின்ரிங் அளவு: கேள்வி பதில்

கேள்வி: ஃபுல் சஸ்பென்ஷன் (முன்னும் பின்னும் ஷாக் உள்ள) சைக்கிள். பின்பக்கம் ஆடுகிறது. பிவட் (ஃப்ரேமின் பின்பகுதி அசையும் மூட்டு) பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடட்டுமா?

பொறுங்கள். ஆட்டம் எங்கே என்று முதலில் பார்க்க வேண்டும். பின்சக்கரத்தைப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஃப்ரேம் நிற்க, சக்கரம் மட்டும் ஆடினால் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பேரிங்தான் காரணம். அப்புறம் ஒருவரைச் சீட்டைப் பிடித்து மெதுவாகத் தூக்கச் சொல்லிவிட்டு, ஷாக்கின் இரு முனைகளிலும் விரல் வையுங்கள். 'டக்' என்று தட்டினால் ஷாக் புஷ் (ஷாக் முனையின் உள்ளே இருக்கும் சிறு உருளை) தேய்ந்திருக்கிறது. விலை குறைந்த பாகம் அது. அதைப் பார்க்காமல் பேரிங் செட் முழுவதையும் வாங்குபவர்கள் நிறையப் பேர். இரண்டும் சரி என்றால் ஷாக்கைக் கழற்றிவிட்டுப் பின்முக்கோணத்தை (பின்சக்கரத்தைத் தாங்கும் ஃப்ரேம் பகுதியை) மேலும் கீழும் நகர்த்துங்கள். நல்ல பேரிங் சத்தமில்லாமல் போகும். கெட்டது நறநறக்கும், அல்லது ஓரிடத்தில் பிடிக்கும். சேறு அதிகம் படுவதால் பெரும்பாலும் கிராங்க் (பெடல் மாட்டும் தண்டு) பக்கத்து மெயின் பிவட்தான் முதலில் போகும்.

பிரஷர் வாஷர் தண்ணீரைப் பிவட் பக்கம் காட்டாதீர்கள்.

கேள்வி: பேரிங்கில் 6902 என்று இருக்கிறது. சாதாரண பேரிங் கடையில் வாங்கலாமா?

வாங்கலாம். உள்விட்டம் 15, வெளிவிட்டம் 28, அகலம் 7 மி.மீ. இருபக்கமும் ரப்பர் சீல் உள்ளதாகக் கேளுங்கள். பழையதில் மேக்ஸ் (MAX) என்று இருந்தால் அதையே போடுங்கள். அதில் பந்துகளைப் பிரித்து வைக்கும் கூண்டு கிடையாது, அந்த இடத்திலும் பந்துகள் இருக்கும். பிவட் முழுச் சுற்று சுற்றுவதில்லை. சில டிகிரிதான் முன்னும் பின்னும் ஆடுகிறது. ஒரே இடத்தில் அடி விழுந்து கிரீஸ் ஒதுங்கி, ஓடுபாதையில் குழி விழுகிறது. பந்துகள் கூடினால் சுமை பகிரப்படும்.

கேள்வி: அண்ணா, மேக்ஸ் பக்கவாட்டு விசை தாங்காது. சாதா பேரிங்கில் சீலைத் திறந்து கிரீஸ் நிரப்பினாலே போதுமே?

நல்ல வாதம். பந்து நுழைக்க ஓடுபாதையில் வெட்டு வைத்த மேக்ஸில் அந்தப் பலவீனம் உண்மை. சக்கர ஹப்பில் அதைப் போட வேண்டாம் என்பது அதனால்தான். ஆனால் பிவட்டில் இரண்டு பேரிங் விலகி உட்கார்ந்திருக்கின்றன. சக்கரத்தில் வரும் பக்கவாட்டுத் தள்ளலில் பெரும்பகுதி, இரண்டிலும் எதிரெதிர்த் திசையில், அச்சுக்குக் குறுக்கே அழுத்தும் சுமையாகவே போய்ச் சேரும். கிரீஸ் விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகிறேன். பிவட்டில் வேகமும் சூடும் இல்லை, நிறைத்தே வைக்கலாம். புது பேரிங்குக்கும் பூட்டும் முன்பே செய்யுங்கள். குழி விழுந்துவிட்டால் மட்டும் எந்த கிரீஸும் உதவாது.

கேள்வி: இன்னொரு தடவை கேட்கிறேன், மேக்ஸா சாதாவா?

மேலே சொல்லிவிட்டேன்.

கேள்வி: 104 பிசிடி (போல்ட் துளைகளின் வட்டம் 104 மி.மீ. விட்டம்) கிராங்கில் 28 பல் செயின்ரிங் (பெடல் பக்கத்துப் பல்சக்கரம்) போடலாமா?

முடியாது. அதில் 30 தான் கடைசி. அதற்குக் கீழே செயின் ஓட இடமில்லை. 28 வேண்டுமென்றால், ரிங்கை நேரடியாகவே மாட்டும் டைரக்ட் மவுண்ட் கிராங்க் வேண்டும்.

கேள்வி: ஸ்ராம் (SRAM) மூன்று போல்ட் செயின்ரிங், 6 மி.மீ. ஆஃப்செட் (ரிங் உள்பக்கம் தள்ளியிருக்கும் அளவு). என் ஃப்ரேம் பூஸ்ட் (148 மி.மீ. அகலப் பின் ஹப்). செயின்ஸ்டேயில் (பின்சக்கரம் நோக்கிப் போகும் கீழ்க் குழாயில்) உரசுகிறது.

பூஸ்ட் 148 ஹப்பில் கேசட் (பின்பக்கப் பல்சக்கரத் தொகுதி) 3 மி.மீ. வெளியே தள்ளி இருக்கும். அதற்கு 3 மி.மீ. ஆஃப்செட் ரிங் வேண்டும். ஆஃப்செட் குறைந்தால் ரிங் வெளியே வரும். மாற்றிய பிறகு ஷாக் காற்றை இறக்கி, பின்பக்கத்தை முழுதாக அமுக்கிக் கிராங்கைச் சுற்றிப் பாருங்கள். சில ஃப்ரேம்களில் அமுங்கும்போதுதான் இடைவெளி குறையும். ஓவல் (நீள்வட்ட) 32 பல் ரிங் போடுவதானால் வட்ட 34 பல்லுக்கான இடம் ஒதுக்குங்கள்.

கேள்வி: பிரேக் கத்துகிறது.

பிரேக் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

கேள்வி: பின்பக்கம் ஆடுகிறது, பேரிங் மாற்றலாமா?

முதல் பதில். பிரஷர் வாஷரையும் நிறுத்துங்கள்.

கேள்வி: புது பேரிங்கைச் சுத்தியலால் தட்டலாமா?

கூடாது. நீள போல்ட், நட், வெளிவளையத்தின் அளவுக்குச் சரியான வாஷர் வைத்து இறுக்கி உள்ளே தள்ளுங்கள். உள்வளையத்தில் அழுத்தினால் பூட்டும்போதே குழி விழும். கையாலேயே உள்ளே போகிறது என்றால் ஃப்ரேமில் பேரிங் உட்காரும் இடம் தளர்ந்திருக்கிறது. பேரிங் பிடிமானப் பசை தடவி ஒரு நாள் விடுங்கள். அந்த இடத்தில் விரிசல் தெரிந்தால் சைக்கிளை ஓட்டாமல் ஃப்ரேம் தயாரிப்பாளருக்குப் படம் அனுப்புங்கள்.