வண்டியை விற்றாகிவிட்டது, பொறுப்பு போய்விட்டதா? கேள்வி பதில்

ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் மூன்றாம் நபர் கிளெய்ம் பிரிவில், அதாவது வண்டி மோதி அடிபட்டவர்கள் கேட்கும் இழப்பீட்டைக் கவனிக்கும் பிரிவில், இருபத்தாறு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்னையின் விபத்து இழப்பீட்டு வழக்குகள் உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறு வழக்குகள் நீதிமன்றத்தில் நடக்கும். வாரத்தில் பாதி நாள் எனக்கு அங்கேதான். வண்டியை விற்று வருடக்கணக்கான பிறகு சம்மன் வாங்கி வந்து நின்றவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அதனால்தான் இந்த விஷயத்துக்குப் பதில் சொல்ல ஒப்புக்கொண்டேன்.

மடிப்பாக்கம்: சார், என் 2016 ஆக்டிவாவை ஒருவர் கேட்கிறார். முழுப் பணமும் கையில் தருகிறார். பேரை ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்கிறேன் என்கிறார். 29, 30 ஃபார்மில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் போதுமா?

போதாது. முதல் கேள்வியே முக்கியமான கேள்வி என்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

1988ஆம் வருட மோட்டார் வாகனச் சட்டத்தின் 2(30) பிரிவு, உரிமையாளர் என்றால் யார் என்று சொல்கிறது. யார் பெயரில் வண்டி பதிவாகி இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர். பணம் யார் கொடுத்தார், சாவி யாரிடம் இருக்கிறது என்றெல்லாம் அது பார்ப்பதில்லை. தவணைக் கடனில் இருக்கும் வண்டி மாதிரி சில விதிவிலக்குகள் உண்டு, உங்களுடையது அதில் வராது.

50ஆவது பிரிவுப்படி, மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. 29ஆம் படிவம் அதற்குத்தான். வாங்கியவர் பெயர் மாற்றக் கேட்டுக் கொடுப்பது 30ஆம் படிவம், அவருக்கு 30 நாள் அவகாசம். பலரும் இது முழுக்க வாங்குபவர் வேலை என்று நினைக்கிறார்கள். அவர் தன் வேலையைச் செய்யாவிட்டாலும் உங்கள் வேலையை நீங்கள் செய்து முடிக்கலாம்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதீர்கள். வாங்குபவர் பெயர், முகவரி, தேதி எல்லாம் உங்கள் கண் முன்னால் எழுதப்பட்டிருக்க வேண்டும். பெயர் போடாத 29, 30 கையில் இருந்தால் அந்த வண்டி நாலு கை மாறும், ஐந்தாவது ஆள்தான் தன் பெயரைப் போடுவார். நடுவில் வண்டி யார் மீதாவது மோதினால், பதிவேட்டில் இருப்பது நீங்கள், இழப்பீட்டுக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்.

நான் சொல்லும் வழி இதுதான். இரண்டு பேரும் உட்கார்ந்து அரசின் பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாற்ற விண்ணப்பத்தைப் போடுங்கள், கட்டணம் கட்டுங்கள், ரசீதை இரண்டு பேரும் வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பிறகு சாவி. பெயர் மாறும் வரை ஒரு தொகையை அவரிடமிருந்து கூடுதலாக வாங்கி வைத்து, ஆர்.சி. அவர் பெயரில் வந்ததும் திருப்பிக் கொடுங்கள். நேர்மையாக வாங்குபவர் இதற்குச் சம்மதிப்பார். ‘ஒரு மாதத்தில் மாற்றிக்கொள்கிறேன்’ என்பவரை இன்றே மாற்றச் சொன்னால் அவர் முகம் எப்படி மாறுகிறது என்று பாருங்கள்.

வளசரவாக்கம்: நூறு ரூபாய் பத்திரத்தில் ‘இன்று முதல் எனக்கும் வண்டிக்கும் சம்பந்தம் இல்லை’ என்று எழுதி நோட்டரி கையெழுத்தும் வாங்கிவிட்டேன். எனக்கு இது பொருந்தாது அல்லவா?

பொருந்தும். அந்தப் பத்திரம் உங்களுக்கும் வாங்கியவருக்கும் நடுவில் உள்ள ஒப்பந்தம். அடிபட்டவர் அதில் கையெழுத்துப் போடவில்லையே.

கொளத்தூர்: பெங்களூரில் இருக்கும் நண்பருக்கு விற்கிறேன். என்.ஓ.சி. வாங்கினால் என் பெயர் போய்விடுமா?

போகாது. 28ஆம் படிவத்தில் வாங்கும் என்.ஓ.சி., வண்டியை வேறு மாநிலத்தில் பதிய ஆட்சேபம் இல்லை என்பது மட்டுமே. அங்கே அவர் பெயரில் பதிவாகும் வரை உரிமையாளர் நீங்கள்தான். நண்பர் என்பதால் விட்டுவிடாதீர்கள்.

அண்ணா நகர்: காருக்கு ஃபாஸ்டாக் இருக்கிறது. வாங்குபவர் அதையும் சேர்த்துக் கேட்கிறார்.

கொடுக்காதீர்கள். அது உங்கள் ஆர்.சி.யையும் உங்கள் அடையாள ஆவணங்களையும் வைத்துக் கொடுக்கப்பட்டது. எந்த வங்கி கொடுத்ததோ அங்கே சொல்லிக் கணக்கை மூடுங்கள், மீதிப் பணம் திரும்ப வரும். கண்ணாடியில் இருக்கும் ஸ்டிக்கரையும் கிழித்துவிடுங்கள். அவர் புதிதாக ஒன்று வாங்கிக்கொள்ளட்டும்.

வளசரவாக்கம்: மீண்டும் நான்தான் சார். பொருள் விற்பனைச் சட்டப்படி, பணம் வாங்கி வண்டியைக் கொடுத்ததுமே உரிமை மாறிவிடுகிறது. ஆர்.சி. என்பது வெறும் பதிவு, உரிமைப் பத்திரம் அல்ல. என் வக்கீல் நண்பரும் இதைத்தான் சொல்கிறார்.

உங்கள் நண்பர் சொல்வதில் பாதி சரி. உங்கள் இருவருக்கும் இடையில் விற்பனை முடிந்துவிட்டது. நாளைக்கு நீங்கள் போய் வண்டியைத் திருப்பிக் கேட்க முடியாது. ஆனால் விபத்து இழப்பீடு என்று வந்துவிட்டால் தீர்ப்பாயம் பார்ப்பது மோட்டார் வாகனச் சட்டம் சொல்லும் உரிமையாளரை.

இது என் சொந்தக் கருத்து இல்லை. 2018 பிப்ரவரியில் நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் அமர்வு இதைத் தீர்மானித்தது. கார் 2007ல் விற்கப்பட்டது, அதற்கப்புறம் பல கை மாறியது, 2009ல் விபத்து. பதிவேட்டில் முதல் ஆளின் பெயரே இருந்தது. அவர்தான் பொறுப்பு என்று தீர்ப்பு வந்தது. நீதிமன்றம் சொன்ன காரணத்தை யோசித்துப் பாருங்கள். அடிபட்டவரோ, இறந்தவரின் குடும்பமோ, வண்டி யாரிடமிருந்து யாருக்குப் போனது என்று ஒவ்வொரு விற்பனையாகத் தேடிக்கொண்டு அலைய முடியாது. அவர்களுக்குத் தெரிவது நம்பர் பிளேட் ஒன்றுதான்.

வளசரவாக்கம்: அப்படியானால் பத்திரம் எழுதுவதே வீணா? எல்லோரும் எழுதுகிறார்களே.

வீண் இல்லை, எழுதுங்கள். அதன் பயன் என்ன என்று தெரிந்து எழுதுங்கள். ஒன்று, நீங்கள் கட்ட நேர்ந்த பணத்தை வாங்கியவரிடம் கேட்டு வழக்குப் போட அது சான்று. இரண்டு, வண்டி ஏதாவது குற்றத்தில் சிக்கிப் போலீஸ் உங்கள் வீட்டுக்கு வந்தால், அன்று வண்டி உங்களிடம் இல்லை என்று காட்ட உதவும். அதனால் பத்திரத்தில் தேதி மட்டும் போதாது, சாவி கொடுத்த மணி, நிமிடம், ஓடோமீட்டர் எண், வாங்கியவரின் ஆதார் நகல், கைபேசி எண் எல்லாம் இருக்க வேண்டும். அவரோடு வண்டிப் பக்கத்தில் நின்று ஒரு போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். கவனக் குறைவாக ஓட்டி ஒருவரைக் கொன்றதற்கான தண்டனை ஓட்டியவருக்குத்தான், உங்களுக்கு இல்லை. இழப்பீட்டுப் பணம் வேறு கணக்கு.

பல்லாவரம்: வண்டியைக் கொடுத்ததும் இன்சூரன்ஸை ரத்து செய்து மீதிப் பணத்தை வாங்கிவிடலாமா?

தயவுசெய்து செய்யாதீர்கள். இந்த நிமிடத்தில் உங்களுக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு அதுதான்.

157ஆவது பிரிவுப்படி, வண்டி கை மாறும்போது மூன்றாம் நபர் காப்பீடும் தானாகவே வாங்கியவருக்கு மாறியதாகக் கருதப்படும். அவர் 14 நாளுக்குள் நிறுவனத்தில் சொல்லிப் பெயர் மாற்றிக்கொள்ள வேண்டும். சொல்லத் தவறினாலும் அடிபட்டவருக்கு நிறுவனம் கட்டும். வண்டிக்கு ஏற்பட்ட சேதத்துக்கு மட்டும் வாங்கியவர் கேட்க முடியாது. பாலிசி உயிரோடு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இருந்தால் நிறுவனம் கட்டும். இல்லாவிட்டால் நீங்கள்.

நோ கிளெய்ம் போனஸ் (கிளெய்ம் கேட்காத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி) போய்விடுமே என்று கவலைப்படுகிறவர்களுக்கு: அது வண்டிக்கு அல்ல, ஆளுக்கு. விற்றதைக் காட்டிச் சான்றிதழ் வாங்கி வைத்தால், மூன்று வருடத்துக்குள் வாங்கும் அடுத்த வண்டிக்கு அது பயன்படும்.

ராயபுரம்: என் பைக்குக்கு இப்போது என்ன விலை கேட்கலாம்?

அது என் துறை இல்லை. பக்கத்தில் நம்பிக்கையான மெக்கானிக்கிடம் காட்டுங்கள்.

தாம்பரம்: ஐயா, 2019ல் ஸ்கூட்டரை விற்றேன். வாங்கியவர் இன்றுவரை பேரை மாற்றவில்லை. போனும் எடுப்பதில்லை. எனக்கு ஹெல்மெட் போடாத சலான் வந்துகொண்டே இருக்கிறது.

சலான் வருவதை ஒரு எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள். வண்டி இன்னும் ரோட்டில் ஓடுகிறது, ஓட்டுகிறவர் விதியை மதிக்காதவர்.

பெரம்பூரில் ஒரு ஓய்வு பெற்ற தலைமையாசிரியர். தெரிந்தவரின் உறவுக்காரப் பையனுக்கு ஸ்கூட்டரைக் கொடுத்தார். மூன்று வருடம் கழித்து அந்த வண்டி ரோட்டைக் கடந்த ஒருவர் மீது மோதி, அவர் இறந்துவிட்டார். பாலிசி விபத்துக்கு ஏழு மாதம் முன்பே முடிந்திருந்தது. விபத்து நாளில் எங்கள் பாலிசி நடப்பில் இல்லை என்று நீதிமன்றத்தில் எழுதிக் கொடுத்தது நான்தான். ஓட்டியவரும் உரிமையாளரும் சேர்ந்து வட்டியோடு கட்ட வேண்டும் என்று உத்தரவானது. ஓட்டிய பையனிடம் ஒன்றும் இல்லை. ஆசிரியர் பெயரில் வீடு இருந்தது. வெளியே வராந்தாவில் என்னிடம், ‘நான் விற்றுவிட்டேன் தம்பி, அது அவர்களுக்குப் புரியவில்லை’ என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு இன்றும் அந்தக் குரல் கேட்கிறது.

நீங்கள் இந்த வாரமே செய்ய வேண்டியது: முதலில் அந்த வண்டிக்கு இன்சூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று எம்பரிவாகன் செயலியில் பாருங்கள். இல்லாவிட்டால் மூன்றாம் நபர் காப்பீட்டை நீங்களே எடுங்கள். 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த கட்டணப்படி, 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள இரு சக்கர வண்டிக்கு அது வருடத்துக்கு 714 ரூபாய், வரி தனி. விற்ற வண்டிக்கு நான் ஏன் கட்ட வேண்டும் என்று கோபம் வரும், நியாயமான கோபம்தான். ஆனாலும் கட்டுங்கள். அடுத்து, விற்ற விவரத்தோடு 29ஆம் படிவத்தையும் ஒரு கடிதத்தையும் ஆர்.டி.ஓ.வுக்கு ஸ்பீட் போஸ்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான சான்றை வைத்துக்கொள்ளுங்கள். வாங்கியவருக்கும் ஒரு நகல். அப்புறம் சலானில் இருக்கும் போட்டோவையும் இடத்தையும் சேர்த்து காவல் நிலையத்தில் புகார் கொடுத்து ரசீது வாங்குங்கள். இதனால் இன்றே உங்கள் பெயர் நீங்கிவிடாது. அதனால்தான் இன்சூரன்ஸை முதலில் சொன்னேன்.

குரோம்பேட்டை: 29, 30ல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தேன் சார், போதுமா?

முதல் பதிலைப் படியுங்கள்.

திருவொற்றியூர்: என் கார் கடன் முடிந்துவிட்டது. விற்கலாமா?

ஆர்.சி.யில் எச்.பி., அதாவது வண்டி மேல் கடன் இருக்கிறது என்ற குறிப்பு, நீங்கியிருக்கிறதா? வங்கியின் கடிதத்தோடு 35ஆம் படிவம் கொடுத்து முதலில் அதை எடுங்கள். அது இருக்கும் வரை பெயர் மாற்றம் தடைபடும்.

மந்தைவெளி: அப்பா போன வருடம் இறந்துவிட்டார். அவர் கையெழுத்துப் போட்ட பழைய 29, 30 வீட்டில் இருக்கிறது. அதை வைத்து விற்கலாம் என்று ஏஜென்ட் சொல்கிறார்.

வேண்டாம் அம்மா. இறந்தவர் கையெழுத்தை வைத்து விற்பது மோசடி, ஏஜென்ட்டுக்கு ஒன்றும் ஆகாது, பதில் சொல்ல வேண்டியது நீங்கள். வாரிசுச் சான்றிதழ், இறப்புச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் இவற்றோடு 31ஆம் படிவம் கொடுத்து உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். பிறகு விற்கலாம்.

கே.கே. நகர்: பழைய வண்டி வாங்கி விற்கும் கன்சல்டிங்கில் வண்டியை விட்டால் கவலை இல்லைதானே? ஷோரூமில் எக்ஸ்சேஞ்ச் கொடுத்தால்?

2023 ஏப்ரல் 1 முதல் புது விதி இருக்கிறது. ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்ற பழைய வண்டி வியாபாரியிடம் கொடுத்தால், 29சி படிவத்தில் ஒப்படைப்பை இணையத்தில் பதிவு செய்யலாம். அது முதல் விற்பனை வரை அந்த வியாபாரியே உரிமையாளராகக் கருதப்படுவார். உங்கள் கன்சல்டிங்குக்கு அங்கீகாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் அவரும் வெறும் ஒரு வாங்குபவர்தான், அவர் பெயருக்கே மாற்றச் சொல்லுங்கள். அங்கேதான் வெற்று 29, 30 கேட்பார்கள். கொடுக்காதீர்கள்.

சிந்தாதிரிப்பேட்டை: ஓடாத பழைய பைக். புதுப்பேட்டையில் எடைக்குப் போட்டுவிடலாமா?

பதிவை ரத்து செய்யாமல் போடாதீர்கள். உங்கள் நம்பர் பிளேட்டும் ஆர்.சி.யும் வேறொரு திருட்டு வண்டிக்குப் போய்ச் சேரலாம். அங்கீகரிக்கப்பட்ட வாகன அழிப்பு மையத்தில் கொடுத்துச் சான்றிதழ் வாங்கி, பதிவை ரத்து செய்யுங்கள்.

ஆவடி: பக்கத்து வீட்டுப் பையனுக்கு விற்றேன், பதினேழு வயதுதான். பெயர் இன்னும் மாறவில்லை.

இன்று மாலையே போய் வண்டியைத் திரும்ப வாங்குங்கள். பணத்தைக் கொடுத்துவிடுங்கள். பதினெட்டு ஆகாதவர் ஓட்டிக் குற்றம் நடந்தால், 199ஏ பிரிவுப்படி பெற்றோர் அல்லது வண்டி உரிமையாளருக்கு மூன்று வருடம் வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு, பதிவும் பன்னிரண்டு மாதத்துக்கு ரத்தாகும். சட்டத்தை விடுங்கள், அவன் குழந்தை.

போரூர்: 29, 30...

தம்பி, இது நான்காவது முறை. வெற்றுப் படிவம் கொடுக்காதீர்கள். மேலே முழுதாக எழுதியிருக்கிறேன்.

வளசரவாக்கம்: சார், நீங்கள் சொன்ன தீர்ப்பை நண்பரிடம் சொன்னேன். எடுத்துப் படித்துவிட்டு, நீங்கள் சொன்னது சரி என்கிறார். நான் விற்றது எட்டு மாதம் முன்னால். இப்போது என்ன செய்ய?

முதலில் பாலிசி எந்தத் தேதி வரை என்று பார்த்துச் சொல்லுங்கள்.

வளசரவாக்கம்: வரும் 19ஆம் தேதி முடிகிறது.

18ஆம் தேதிக்குள் வாங்கியவரை ஆர்.டி.ஓ.வுக்கு அழைத்துப் போங்கள். வரவில்லை என்றால் அன்றே மூன்றாம் நபர் பாலிசியை நீங்கள் புதுப்பியுங்கள், ஒரு நாள் கூட இடைவெளி வேண்டாம். மற்றவை தாம்பரத்துக்காரருக்குச் சொன்னதேதான்.

வேளச்சேரி: வாங்குபவர் இப்போது என் வீட்டுக் கீழே பணத்தோடு நிற்கிறார். ஆன்லைனில் விண்ணப்பம் போட்டு, கட்டணமும் கட்டியாகிவிட்டது. ரசீது வந்துவிட்டது. சாவியைக் கொடுக்கலாமா?

வண்டிக்குள் உங்கள் ஆவணம் எதுவும் இல்லையே? இருந்தால் எடுத்துவிடுங்கள். ஓடோமீட்டரைப் போட்டோ எடுங்கள். ஒப்படைப்புச் சீட்டில் இப்போது மணி என்ன என்று எழுதி, அவரிடம் கையெழுத்து வாங்குங்கள். கொடுங்கள்.