அம்மாச்சி வீட்டுக்கு அனுப்பலாமா?

கேள்வி: என் மகள் பிளஸ் டூ, அறிவியல் பிரிவு. அரையாண்டுத் தேர்வு முடிந்து ஒன்பது நாள் லீவு. தேனிப் பக்கம் இருக்கும் அம்மாச்சி வீட்டுக்கு மூன்று நாள் போய்விட்டு வருகிறேன் என்கிறாள். அவள் அப்பாவோ காலை நாலரை முதல் இரவு பதினொன்றரை வரை டைம்டேபிள் போட்டுச் சுவரில் ஒட்டிவிட்டார். மார்ச்சில் பொதுத்தேர்வு. இப்போது விட்டால் படித்ததெல்லாம் மறந்துபோகுமோ என்று எனக்கும் பயம். அனுப்பலாமா?
– வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: அனுப்புங்கள். மூன்று நாளும் முழுதாக அனுப்புங்கள். ‘அங்கே போய் ரெண்டு பாடமாவது பார்’ என்று பைக்குள் இயற்பியல் புத்தகத்தைத் திணிக்காதீர்கள். திணித்தால் புத்தகத்தையும் திறக்க மாட்டாள், அம்மாச்சியோடும் நிம்மதியாக இருக்க மாட்டாள். படிக்கவில்லையே என்ற உறுத்தலிலேயே மூன்று நாளும் போய்விடும்.

அந்த டைம்டேபிளுக்கு வருகிறேன். பதினொன்றரைக்குப் படுத்து நாலரைக்கு எழுந்தால் தூக்கம் ஐந்து மணி நேரம். 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களுக்குத் தினமும் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2016-இல் பரிந்துரைத்தது. பகலில் படித்தது மனதில் ஊன்றுவதற்குத் தூக்கம் தேவை. அதை வெட்டி எடுத்த நேரத்தில் படிக்கவைத்தால், படித்ததைத் தங்கவிடாமல் செய்கிறோம் என்றுதான் அர்த்தம். அரையாண்டு நடந்த நாட்களில் அவள் எத்தனை மணிக்குப் படுத்தாள் என்று உங்களுக்கே தெரியும். லீவின் முதல் இரண்டு நாள் அவள் ஒன்பது மணி வரை தூங்கினாலும் எழுப்பாதீர்கள். லீவு நாளில் சிறப்பு வகுப்பு வைக்காதீர்கள் என்று பள்ளிக் கல்வித் துறை பள்ளிகளுக்குச் சொல்வது வழக்கம். அதே வகுப்பை நாம் வீட்டுக்குள் நடத்துவது என்ன நியாயம்?

அடுத்து, மறந்துபோகும் என்ற பயம். கொஞ்சம் மறக்கத்தான் செய்யும். மறக்கட்டும். ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 2006-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களில் ஒரு பகுதியினர் ஒரு பாடத்தை நான்கு கட்டமாகத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். இன்னொரு பகுதியினர் ஒரு கட்டம் மட்டும் படித்துவிட்டு, மீதி மூன்று கட்டமும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தால், அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 சதவீதம். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61 சதவீதம். நமக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியவர்களோ, படித்துக்கொண்டே இருந்தவர்கள்தான். நம் வீடுகளில் பிள்ளைகள் விடிய விடியப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு ‘எல்லாம் படிச்சுட்டேன்’ என்று சொல்வதும், தேர்வறையில் கை நின்றுபோவதும் இதனால்தான்.

ஆகவே, ஊரிலிருந்து வந்த பிறகு அவள் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தாள் என்று எண்ணாதீர்கள். புத்தகத்தை மூடிவைத்து எவ்வளவு நேரம் எழுதினாள் என்று பாருங்கள். உதாரணத்துக்கு, மின் இருமுனையின் (சம அளவுள்ள இரண்டு எதிரெதிர் மின்னூட்டங்கள்) அச்சுக்கோட்டில் மின்புலம் என்ற ஐந்து மதிப்பெண் டெரிவேஷன், அதாவது சூத்திரத்தைப் படிப்படியாக வருவித்துக் காட்டும் கேள்வி. ஒரு வெள்ளைத்தாள், ஒரு பேனா, மூடிய புத்தகம். படம் போட்டுவிடுவாள். இரண்டு மின்னூட்டங்களின் புலத்தையும் தனித்தனியாக எழுதிவிடுவாள். இரண்டையும் சேர்த்து, பின்னத்தின் கீழே பகுதியில் இருக்கும் சின்ன நீளத்தை விட்டுவிட்டுச் சுருக்குகிற இடத்தில் நிற்பாள். அப்போது புத்தகத்தைத் திறந்து அந்த ஒரு வரியை மட்டும் பார்க்கட்டும். மறுபடி மூடிவிட்டு முடிக்கட்டும். அதே டெரிவேஷனை இரண்டு மூன்று நாள் விட்டு இன்னொரு தாளில் முதலிலிருந்து எழுதட்டும். நடுவில் இடைவெளி விழுந்து, யோசித்து யோசித்து மீட்டெடுக்கும்போதுதான் பாடம் ஆழமாகப் பதிகிறது. தேனிக்குப் போகும் மூன்று நாளால் படிப்பு கெட்டுவிடாது என்று நான் உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

எதை எழுதிப் பார்ப்பது என்பதற்கு அரையாண்டுக் கேள்வித்தாளே போதும், புதுக் கைடு எதுவும் வாங்க வேண்டாம். ஒவ்வொரு தாளிலும் விட்ட கேள்வி, பாதியில் நின்ற கேள்வி, சாய்ஸில் ஒதுக்கிய கேள்வி எல்லாவற்றையும் அவளே வட்டமிடட்டும். லீவு வேலை அவ்வளவுதான். ஒரு நாளைக்கு நான்கைந்து மணி நேரம் இப்படிப் படித்தாலே தலை களைத்துவிடும். அதற்கு மேல் உட்காரவைத்தால் புத்தகம் மட்டும்தான் திறந்திருக்கும். எந்த நாளில் எந்தப் பாடம் என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். எந்தக் கேள்வியில் கை நின்றது என்பது அவளுக்குத்தான் தெரியும், அப்பாவுக்குத் தெரியாது.

அவள் அப்பாவின் அக்கறையை நான் குறை சொல்லவில்லை. அந்த அக்கறைக்கு வேறு ஒரு வேலை கொடுங்கள். இயற்பியலில் எழுத்துத் தேர்வுக்கான 70 மதிப்பெண்ணில் 15 ஒரு மதிப்பெண் கேள்விகளுக்கு. அவள் ஊரிலிருந்து வந்த பிறகு, இரவு சாப்பாட்டுக்கு முன்னால் இருபது நிமிடம் அவர் புத்தகத்தை வைத்துக்கொண்டு பாடத்தின் கடைசியில் உள்ள அந்தக் கேள்விகளைக் கேட்கட்டும். தப்பாகச் சொன்னால் ‘இதுகூடத் தெரியாதா’ என்று கேட்காமல், சரியான விடையைப் படித்துக் காட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போகட்டும். தப்பானதைப் பென்சிலால் குறித்து வைத்து, மறுநாள் முதலில் அதையே கேட்கட்டும்.