பத்து இரவு பார்த்தால்தான் அது கூத்து

கேள்வி: புராண, சரித்திர நாடகங்களை ஒரே குழு பல நாள் தொடர்ந்து நடத்தி நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? எங்கே, எப்போது போனால் பார்க்கலாம்?

பார்த்திருக்கிறேன். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து பார்த்து வருகிறேன். சொந்த ஊர் செய்யாறு பக்கம். வேலைக்காகச் சென்னைக்கு வந்து பல வருடம் ஆன பிறகும், திரௌபதி அம்மன் கோயில் திருவிழாவுக்கு லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன். அங்கே ஒரு தெருக்கூத்து ஜமா, அதாவது கூத்துக் குழு, பத்து இரவு தொடர்ந்து ஆடும். நீங்கள் கேட்பதற்கு அதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை.

காஞ்சிபுரம், செய்யாறு, வந்தவாசி, ஆரணி, செஞ்சி என்று வடதமிழ்நாடு முழுக்க இந்தக் கூத்து உண்டு. மாசி, பங்குனியில் சூடு பிடித்து ஆடி வரைக்கும் போகும். அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும் காலம் அது. மழை இறங்கிவிட்டால் ஜமாவுக்கு வேலை குறைந்துவிடும். அதனால் ஒரு கூத்துக்காரரின் வருட வருமானத்தில் பெரும்பங்கு இந்தச் சில மாத இரவுகளில்தான் வந்தாக வேண்டும். இன்று இந்த ஊரில் விடிய விடிய ஆடிவிட்டு, பகலில் தூங்கி, மறுபடி இரவு ஒன்பது மணிக்கு அரிதாரம் பூச உட்கார்ந்துவிடுவார்கள்.

திருவிழாவில் பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று. மதியத்துக்கு மேல் பிரசங்கியார் வந்து வில்லி பாரதத்தைப் பாட்டாகப் பாடி உரை சொல்வார். அதே கதையின் பகுதியை இரவில் ஜமா ஆடிக் காட்டும். வில்வளைப்பு, சுபத்திரை திருமணம், ராஜசூய யாகம், பகடை துகில், அர்ச்சுனன் தபசு, கீசக வதம், கிருஷ்ணன் தூது, அபிமன்யு வதம், கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசையாகப் போகும். ஊருக்கு ஊர் ஒன்றிரண்டு மாறும். வில்லிபுத்தூரார் பாரதம் போர் முடிவோடு நின்றுவிடுகிறது. கூத்தும் ஏறக்குறைய அங்கேதான் நிற்கிறது.

பாரதம் மட்டும்தான் என்று நினைக்க வேண்டாம். இரணிய நாடகம், அரிச்சந்திரன், வள்ளி திருமணம் எல்லாம் ஆடுகிறார்கள். சரித்திரம் என்று கேட்டால் தேசிங்கு ராஜன் கதை இருக்கிறது. 1714-ல் ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி உயிர்விட்ட செஞ்சி ராஜா அவர். செஞ்சிக் கோட்டை கண்ணுக்குத் தெரியும் தூரத்தில் அந்தக் கதையைக் கேட்பது தனி அனுபவம். கர்ண மோட்சத்தைச் சாவு வீட்டுக் காரியத்துக்கும் ஆட வைப்பார்கள். என் தாத்தாவின் காரியத்தன்று எங்கள் வாசலிலேயே ஆடினார்கள். கர்ணன் விழும் நேரத்தில் அழாத ஆள் அங்கே இல்லை.

சரி, ஒரு இரவு எப்படிப் போகும் என்று சொல்கிறேன். பத்து மணி வாக்கில் மேளம் கட்டும். மிருதங்கம், டோலக், ஆர்மோனியம், தாளம். இவற்றுக்கு மேலே முகவீணை. சின்னஞ்சிறிய குழல்தான், ஆனால் பக்கத்து ஊரில் படுத்திருப்பவனையும் அது எழுப்பிவிடும். பிள்ளையார் பாட்டு முடிந்ததும் கட்டியக்காரன் என்னும் கோமாளி வந்து கூட்டத்தைக் கலகலப்பாக்குவான். அப்புறம் ராஜா வேஷத்தின் வருகை. இரண்டு பேர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்பார்கள். உள்ளே இருப்பவர் பாடுவார், சலங்கை அதிரும், கிரீடத்தின் உச்சி மட்டும் திரைக்கு மேலே ஆடும். முகத்தைக் காட்டாமலே துரியோதனன் எவ்வளவு பெரியவன் என்று நம்ப வைத்துவிடுவார்கள். திரை விலகியதும் களரி என்னும் ஆடுகளம் முழுவதையும் சுழன்று சுழன்று ஆடி எடுத்துக்கொள்வார். இந்த ஒரு வருகை மட்டுமே ஒரு மணி நேரத்தைத் தொடும். சினிமா வேகத்துக்குப் பழகியவர்களுக்கு முதல் நாள் இது நீளமாகத் தெரியலாம். மூன்றாம் நாள் இது போதவில்லை என்று தோன்றும்.

அந்தக் கிரீடம், புஜக்கட்டை, மார்புப் பதக்கம் எல்லாம் மரம். கல்யாண முருங்கை போன்ற எடை குறைந்த மரத்தில் செதுக்கி, கண்ணாடித் துண்டு ஒட்டி, வண்ணக் காகிதம் பதித்திருப்பார்கள். கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பாருங்கள், யாரும் தடுக்க மாட்டார்கள். ஒவ்வொருவரும் கைக்கண்ணாடியைப் பிடித்துக்கொண்டு தன் முகத்தைத் தானே எழுதிக்கொள்வார். துரியோதனனுக்குச் சிவப்பு, கிருஷ்ணனுக்குப் பச்சை. வேஷம் கட்டி முடித்தபின் ஒருவர் இடுப்புக் கயிற்றை இழுத்துக் கட்ட, இன்னொருவர் மூச்சை அடக்கி நிற்பார். எட்டு மணி நேரம் அந்தக் கட்டு அவிழக் கூடாது.

பகடை துகில் இரவு எனக்கு எப்போதும் கனமான இரவு. பாஞ்சாலி வேஷத்தில் பெரும்பாலும் ஆண்தான் நிற்பார். துச்சாதனன் அவள் கூந்தலைப் பற்றிச் சபைக்கு இழுத்து வருவான். சேலையில் கை வைக்க வேண்டிய கட்டத்தில் ஆட்டம் நின்றுவிடும். துச்சாதனன் வேஷக்காரர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டு, இது வேஷம்தான், தாயே பொறுத்துக்கொள் என்று வேண்டிக்கொள்வார். கற்பூரம் ஏற்றுவார்கள். என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பாட்டிக்கு உடம்பு நடுங்க ஆரம்பித்தது. அவர் மகள் தோளை அணைத்துப் பிடித்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் காட்சி தொடர்ந்தது. நடிப்பவருக்கே அந்தச் செயல் மேல் அச்சம் இருப்பதை நான் வேறு எந்த மேடையிலும் பார்த்ததில்லை.

இதனால்தான் தனி ஒரு இரவு பார்த்துவிட்டுக் கூத்து பார்த்தேன் என்று யாராவது சொன்னால் எனக்கு ஆதங்கமாக இருக்கிறது. சபாக்களில் ஒன்றரை மணி நேரத்துக்குச் சுருக்கிப் போடுகிறார்கள். அதுவும் நல்லதுதான், புதியவர்களுக்கு ஒரு வழி. ஆனால் கடைசி நாள் காலையில் கிடைப்பது அங்கே கிடைக்காது.

பதினெட்டாம் போர் இரவெல்லாம் நடந்து விடிந்ததும் கூத்து களரியை விட்டு இறங்கிவிடும். கோயில் முன் வெட்டவெளியில் துரியோதனனைக் களிமண்ணால் மல்லாக்கப் படுத்த மாதிரி செய்து வைத்திருப்பார்கள். முப்பது, நாற்பது அடி நீளம். இதுதான் படுகளம். அந்த மண் உருவத்தைச் சுற்றி பீமனும் துரியோதனனும் கதாயுதத்தோடு ஓடி ஓடிச் சண்டை போடுவார்கள். இத்தனை இரவாக நாம் பார்த்த அதே துரியோதனன் வேஷக்காரர், வெயிலில் வர்ணம் வழிய, தன்னுடைய பிணத்தையே சுற்றி ஓடுவார். பீமன் மண் தொடையில் அடிக்க, உள்ளே வைத்திருக்கும் சிவப்பு நீர் கொப்பளிக்கும். அதைத் தொட்டு, விரித்த கூந்தலைப் பாஞ்சாலி முடிவாள். துகில் இரவில் அவிழ்ந்த கூந்தல் அது. துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் வந்து கணவனுக்கு ஒப்பாரி வைப்பாள். கெட்டவன் செத்தான் என்று கைதட்ட அங்கே யாருக்கும் தோன்றாது. பெண்கள் அழுவார்கள். பிறகு அந்த மண்ணில் ஒரு பிடி எடுத்துப் போய் வீட்டிலும் நிலத்திலும் போடுவார்கள், விளைச்சல் கூடும் என்று. சாயங்காலம் தீமிதி.

எப்படிப் போவது? ஊர்த் திருவிழாவுக்கு விளம்பரம் கிடையாது. செய்யாறு, வந்தவாசி பஸ் ஸ்டாண்டு டீக்கடைச் சுவர்களில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். எந்த இரவு எந்தக் கூத்து, எந்த ஜமா என்று அதில் வரிசையாக இருக்கும். செய்யாறு அருகே புரிசை கிராமம் இந்தக் கலைக்குப் பேர் பெற்றது. கூத்துக் கலைஞர் கண்ணப்ப தம்பிரான் அங்கிருந்து வந்தவர்தான். இந்தக் கூத்தைக் கட்டைக்கூத்து என்றும் சொல்வார்கள்; காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் கட்டைக்கூத்துச் சங்கம் இருக்கிறது. அவர்கள் நடத்திய குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் கற்று வேஷம் கட்டினார்கள். ஆண்கள் மட்டுமே ஆடிய களரியில் ஒரு பெண் துரியோதனனாகத் திரையை விலக்கி வருவதை என் மகளுக்குக் காட்ட வேண்டும் என்று ஆசை.

பத்து நாளும் முடியாது என்றால் பகடை துகில் இரவுக்கு ஒரு தடவை, பதினெட்டாம் போர் இரவுக்கு ஒரு தடவை என்று இரண்டு முறை போங்கள். இரண்டாவது முறை போகும்போது விடிந்ததும் பஸ் பிடிக்கக் கிளம்பிவிடாதீர்கள், படுகளம் முடியும்வரை இருங்கள். பாய், போர்வை, தண்ணீர் கொண்டு போங்கள். பெண்கள் பக்கம், ஆண்கள் பக்கம் என்று பிரிந்து உட்காருவார்கள், பார்த்து உட்காருங்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் தூக்கம் கண்ணைச் சுழற்றினால் அங்கேயே சாய்ந்து தூங்கலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். அடுத்த வேஷம் திரைக்குப் பின்னால் வந்து நின்றதும் முகவீணை எழுப்பிவிடும்.