செயலாளர் இல்லாத நாளில் சங்கம்

கேள்வி: ஏழை மாணவர்களுக்குக் கல்வி உதவி வழங்கும் பதிவுபெற்ற சங்கம் எங்களுடையது. 16 ஆண்டுகளாகச் செயலாளராக இருந்தவர் சென்ற மாதம் காலமானார். பதிவேடுகள், நன்கொடையாளர் விவரம், வங்கிக் கணக்கு எல்லாம் அவர் பொறுப்பிலேயே இருந்தன. செயற்குழுவின் ஒன்பது பேரில் நால்வர் கூட்டத்துக்கே வருவதில்லை. இனி இந்நிலை நேராதிருக்க என்ன செய்யலாம்?
– வாசகர், கும்பகோணம்

பதில்: உங்கள் செயலாளரின் மறைவுக்கு என் ஆழ்ந்த அனுதாபம். ஊதியம் எதுவும் பெறாமல் ஒருவர் இத்தனை ஆண்டுகள் ஒரு சங்கத்தைச் சுமந்தது பெருஞ்செயல். அந்தச் சுமையில் மற்றவர்கள் தோள் கொடுக்காததே இன்றைய இக்கட்டுக்குக் காரணம்.

முதலில் செயற்குழுவைக் கூட்டிப் பொறுப்புச் செயலாளரைத் தேர்ந்தெடுங்கள்; காசோலையில் கையொப்பமிடுவோர் யார் என்பதையும் தீர்மானமாக எழுதி, இறப்புச் சான்றிதழுடன் வங்கியில் கொடுங்கள். கணக்கோடு இணைந்த கைப்பேசி எண் மறைந்தவருடையதாக இருந்தால், ஓ.டி.பி. அவர் வீட்டில் இருக்கும் கைப்பேசிக்குத்தான் போகும். அதையும் அன்றே மாற்றக் கேளுங்கள். செயற்குழு மாற்றத்தைப் படிவம் 7 வழியாக மாவட்டப் பதிவாளருக்குத் தெரிவிக்க வேண்டும்.

இனி நிரந்தர ஏற்பாடு. 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி செயற்குழுவில் குறைந்தது 3 பேர் இருக்க வேண்டும். அவர்களுடைய பதவிக்காலம் 3 ஆண்டுகளைத் தாண்டக்கூடாது. ஆனால் அவர்களையே மீண்டும் தேர்ந்தெடுக்கத் தடையில்லை. அந்த வாசல் வழியாகத்தான் 16 ஆண்டுகள் நுழைந்துவிடுகின்றன. எனவே ஒரே பதவியில் தொடர்ந்து இரண்டு முறைக்கு மேல் ஒருவர் இருக்கலாகாது என்று உங்கள் துணை விதிகளிலேயே சேர்த்துவிடுங்கள். ஒன்பது பேரும் ஒரே நாளில் விலகாமல் ஆண்டுக்கு மூவர் வீதம் விலகும்படி முறை வைத்தால், விவரம் தெரிந்த அறுவர் எப்போதும் இருப்பார்கள். இதற்குப் பொதுக்குழுவில் சிறப்புத் தீர்மானம் நிறைவேற்றிப் பதிவாளரிடம் பதிவு செய்ய வேண்டும்.

கூட்டத்துக்கு வராதவர்களைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தகுந்த காரணமின்றி மூன்று கூட்டங்களுக்கு வராதவர் பதவி இழப்பார் என்று விதி வைப்பது எளிது. ஆனால் செயலாளர் முன்பே முடித்துவிட்ட காரியங்களைக் கேட்டுத் தலையசைப்பதற்காக எத்தனை மாதம் ஒருவர் வருவார்? நான் அறிந்த ஒரு நூலகச் சங்கத்தில், பொருளாளர் மாதந்தோறும் வங்கிப் புத்தகத்தை உரக்கப் படிக்க, வேறொரு உறுப்பினர் ஒவ்வொரு தொகைக்கும் உரிய ரசீதை எடுத்துச் சரிபார்த்து, பக்கத்தின் ஓரத்தில் சுருக்கொப்பம் இடுகிறார். அந்த உறுப்பினர் மாதம் ஒருவராக மாறுகிறார். அரைமணி நேர வேலைதான். ஆனால் ஓராண்டுக்குள் கணக்குத் தெரியாதவர் அங்கே எவருமில்லை என்றாகிவிட்டது. நன்கொடையாளர் பட்டியலுக்கும் மாணவர் தேர்வுக்கும் இப்படியே இருவர் இருவராகப் பொறுப்பு கொடுங்கள்.

கேள்வி: செயற்குழுவில் உறவினர்கள் இருக்கலாமா?
– வாசகி, காரைக்குடி

பதில்: சிற்றூர்ச் சங்கங்களில் இதை முற்றிலும் தவிர்ப்பது கடினம். ஆயினும் செயலாளரும் பொருளாளரும் ஒரே குடும்பத்தினராக இருக்க வேண்டாம். காசோலையில் இரண்டு கையொப்பங்கள் கேட்பதன் நோக்கமே அங்கே வீணாகிவிடும். தம் குடும்பத்துக்கு உதவித்தொகை குறித்த பேச்சு வரும்போது அந்த உறுப்பினர் வெளியே சென்றுவிட வேண்டும். அவர் வெளியேறியதும் தீர்மானப் புத்தகத்தில் பதிவாக வேண்டும்.