யாராவது கொஞ்ச நேரம் என் போனை எடுங்களேன்!

கேள்வி: அக்கா, நான் திருப்பூர்ல ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனில ஆர்டர் வேலை எல்லாம் பாத்துக்கற மெர்ச்சண்டைசரா இருக்கேனுங்க. துணி வாங்கற வெளிநாட்டு கம்பெனிங்க, அதான் பயர், மூணு என் கையில. காஸ்டிங், அதான் விலைக்கணக்கு, போட உக்காந்தா கலர் ஷேட் சரியா வரலைன்னு சாயம் போடற டையிங்ல இருந்து போன், அதைப் பேசி முடிக்கறதுக்குள்ள மெயில், நடுவுல வாட்ஸ்அப் குரூப். சாயந்தரம் பாத்தா ஒண்ணும் முழுசா முடிஞ்சிருக்காது. மத்தவங்க எல்லாம் ஈஸியா மல்டிடாஸ்கிங் பண்றாங்க, எனக்குத்தான் மூளை பத்தலையோன்னு இருக்குங்க.
(வாசகி, திருப்பூர்)

பதில்: மூளை எல்லாம் நல்லாத்தான் இருக்கு தங்கச்சி, மொதல்ல அந்த எண்ணத்தை விடுங்க. காஸ்டிங்கும் போனும் ஒண்ணா பாக்க யாராலயும் ஆகாது, மனசு இதுக்கும் அதுக்கும் தாவிக்கிட்டே இருக்கும், அவ்வளவுதான். ஒரு வேலைய பாதில விட்டுட்டு அடுத்ததுக்குப் போனா கவனத்துல ஒரு பங்கு பழைய வேலையிலயே ஒட்டிக்கிட்டு நிக்கும்னு சோஃபி லெராய்ங்கற ஆராய்ச்சியாளர் 2009ல எழுதினாங்க. டையிங்காரர்கிட்ட பேசிட்டு வந்து உக்காந்ததும், வேஸ்டேஜ் சேர்த்தோமா இல்லையான்னு சந்தேகம் வந்து திரும்ப முதல்ல இருந்து கணக்குப் பாப்பீங்களே, அது இதுதான். ஈஸியா பண்றாங்கன்னு நீங்க நினைக்கறவங்க நிலைமையும் அப்படித்தான். அதே 2009ல ஸ்டான்ஃபோர்டுல சோதிச்சப்ப, டிவி மெயில் மெசேஜ்னு எல்லாத்தையும் ஒரே நேரத்துல பாக்கற பழக்கம் அதிகமா உள்ளவங்கதான் ஒரு வேலைல இருந்து இன்னொண்ணுக்கு மாறுறப்ப ரொம்பத் தடுமாறினாங்க.

அப்ப சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் எப்படி ஒரே சபையில நூறு விஷயத்தைக் கவனிச்சாருன்னு சிலர் கேப்பாங்க. எவ்வளவு பெரிய மனுஷன் அவரு! ஆனா அவதானம்ங்கற அந்தக் கவனக் கலையிலயும் கேள்வி ஒண்ணு ஒண்ணாத்தான் வரும், பதிலும் ஒண்ணு ஒண்ணாத்தான் வரும். நடுவுல எதையும் நழுவ விடாம புடிச்சு வைக்கறதுக்குத்தான் அந்தப் பயிற்சி எல்லாம்.

இப்ப உங்க டேபிளுக்கு வருவோம். பயர் ஜெர்மனின்னா நமக்குக் காலைல 10 மணி ஆகறப்ப அங்க விடியக்காலம் 5:30, கோடையில 6:30. அமெரிக்கான்னா நடுராத்திரி. அதனால காலைல அவங்க யாரும் பதிலுக்குக் காத்துட்டு இருக்க மாட்டாங்க, வர்றதெல்லாம் நாம வெளிய வேலை கொடுத்திருக்கற உள்ளூர் ஜாப் ஒர்க்காரங்க போன்தான். காலைல ஒரு மணி நேரத்தைக் காஸ்டிங்குக்குன்னே ஒதுக்குங்க, அந்த நேரம் உங்க போனை பக்கத்து டேபிள்ல இருக்கறவங்க எடுக்கட்டும், மத்தியானம் சாம்பிளைப் பத்தி பயர் எழுதின கமெண்ட்ஸை அவங்க பாக்கறப்ப அவங்க போனை நீங்க எடுங்க. எழுந்தே ஆகணும்னா, எங்க நிறுத்தினீங்க அடுத்து என்ன செய்யணும்னு ரெண்டு வரி எழுதி வச்சுட்டு எழுந்திருங்க, லெராய் பின்னாடி செஞ்ச ஆராய்ச்சியில இது நல்லா உதவுதுன்னு தெரிஞ்சுது. இதை மேனேஜர்கிட்ட சொல்லியே செய்யுங்க, ஒளிச்சு வைக்க இதுல ஒண்ணுமே இல்ல.

கேள்வி: டீம் பில்டிங்னு எல்லாரையும் ஏற்காடு கூட்டிட்டுப் போனேன், கேம்ஸ் எல்லாம் நல்லா ஆடினாங்க. திங்கக்கிழமை ஆபீஸ்ல பழையபடி ஆளுக்கொரு மூலை. என்ன பண்றது?
(டீம் லீடர், கோவை)

பதில்: தம்பி, மேல அந்தப் பொண்ணு கேட்டதைப் படிச்சீங்களா? "என் போனை கொஞ்சம் எடுக்கறியா"ன்னு உங்க டீம்ல ஒருத்தர் இன்னொருத்தர்கிட்ட கூச்சமில்லாம கேக்க முடியுதா, அதைப் பாருங்க மொதல்ல. 90கள்ல ஏமி எட்மண்ட்சன்ங்கற ஆராய்ச்சியாளர் ஆஸ்பத்திரி டீம்களை ஆராய்ஞ்சப்ப, நல்லா ஒத்துப்போற டீம்லதான் மருந்து தர்றதுல தப்பு அதிகமா பதிவாகியிருந்துச்சு. அவங்களுக்கே ஆச்சரியம். அப்புறம்தான் புரிஞ்சுது, அங்க பயமில்லாம வெளிய சொல்றாங்க, மத்த டீம்ல மூடி மறைக்கறாங்கன்னு. 2012ல தன்னோட டீம்களைப் பத்தி ஆராய ஆரம்பிச்ச கூகுளும் கடைசில இந்த பயமின்மையத்தான் முக்கியம்னு சொல்லுச்சு. அதனால ஒரு வேலை லேட்டானா "யாரு பண்ணினது"ன்னு தொடங்காதீங்க, "எங்க மாட்டுச்சு"ன்னு கேளுங்க. சொன்னவங்களைத் திட்டிட்டீங்கன்னா அடுத்த தடவை யாரும் வாய் திறக்க மாட்டாங்க. அவுட்டிங் வேண்டாம்னு நான் சொல்லல, தாராளமா போங்க, ஆனா ஞாயித்துக்கிழமை மட்டும் வைக்காதீங்க, வீட்டுல புள்ளைங்களுக்கு அப்பா அம்மா கிடைக்கறதே அந்த ஒரு நாள்தான்.