1950, 60களின் ஸ்வீடன் போஸ்ட்கார்டுகளில் அடுக்குமாடியும் கடைவீதியும் தண்ணீர்த் தொட்டியும் படமாக இருப்பது ஏன்? சேகரிக்க நினைப்பவர் எதைப் பார்த்து வாங்க வேண்டும்?

சுற்றுலா வந்தவர்களுக்கு விற்ற கார்டு என்று நினைத்துக்கொண்டு பார்த்தால் இது விளங்காது. இந்த வகைக் கார்டுகளை வாங்கியவர்களில் அந்தந்த ஊர்க்காரர்களே நிறைய. புதுக் குடியிருப்பில் வீடு கிடைத்துக் குடிபோனவர், பெட்டிக்கடையில் ஒரு கார்டு வாங்குவார். படத்தில் தன் ஜன்னலைத் தேடிப் பிடித்து, பேனாவால் ஒரு பெருக்கல் குறி போடுவார். "நாங்கள் இருப்பது இங்கேதான்" என்று எழுதி அம்மாவுக்கு அனுப்பிவிடுவார். நான் தேடி வாங்குவதே இந்தப் பெருக்கல் குறி உள்ளவற்றைத்தான். கிறுக்கிய கார்டு என்று விற்பவர் விலையைக் குறைப்பார், நமக்கு லாபம்.

அவர்கள் அப்படிப் பெருமைப்பட்டதில் நியாயம் இருந்தது. அன்றைக்கு ஸ்டாக்ஹோமில் வீட்டுக்குக் கடும் தட்டுப்பாடு. நல்லவேளையாக மாநகராட்சி 1904 முதலே நகருக்கு வெளியே நிலம் வாங்கிப் போட்டிருந்தது. அந்த நிலத்தில் எழுந்த புறநகர்களில் பேர்பெற்றது வெல்லிங்பி. வேலை, வீடு, கடைவீதி மூன்றும் ஒரே இடத்தில் என்பது திட்டம். நகரத் திட்டத்துக்குத் தலைமை ஸ்வென் மார்கெலியஸ். மையக் கடைவீதியை வடிவமைத்தது பேக்ஸ்ட்ரோம், ரெய்னியஸ் என்ற இரட்டையர். 1952லேயே மெட்ரோ ரயில் அங்கே ஓடத் தொடங்கிவிட்டது. கடைவீதி திறந்தது 1954 நவம்பர் 14. ரயில் முதலில், கடை பிறகு! இந்த வரிசையை நினைத்தால் எனக்கு இன்னமும் பொறாமையாக இருக்கிறது.

என்னிடம் உள்ள வெல்லிங்பி கார்டு ஒன்றில், சதுக்கத்தின் தரை முழுக்கக் கல்லில் பதித்த பெரிய பெரிய வட்டங்கள். அவற்றின் மேல் குழந்தை வண்டி தள்ளிப் போகும் பெண்கள். வானம் மட்டும் நம்ப முடியாத நீலம், அச்சகத்தின் கைவண்ணம். கட்டடக் கலைஞர் பெயர் எங்கேயும் இல்லை. இந்தக் கார்டுகளில் பெரும்பாலும் இருக்காது. ஊர்ப்பெயர், பதிப்பாளர் பெயர், ஒரு வரிசை எண், அவ்வளவுதான். யார் கட்டியது என்பதை நாம்தான் தேட வேண்டும்.

வாங்கும்போது முதலில் காலத்தைக் கணிக்கப் பழகுங்கள். தபால் முத்திரையை மட்டும் நம்பக் கூடாது. ஒரே படத்தைப் பல வருடம் விற்றிருப்பார்கள். படத்தில் சாலை தெரிந்தால் கார் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். ஸ்வீடனில் 1967 செப்டம்பர் 3 வரை நம்மூர் போல இடப்பக்கம்தான் ஓட்டினார்கள். அன்று விடியற்காலை நாடே வலப்பக்கம் மாறியது. ஆகவே இடப்பக்கம் ஓடும் கார் என்றால் படம் அதற்கு முந்தியது. (ஸ்டீயரிங்கை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். இடப்பக்கம் ஓட்டிய காலத்திலும் அவர்கள் கார்களில் அது இடப்பக்கம்தான்.) பின்புறம் முகவரியில் ஐந்து இலக்க அஞ்சல் குறியீடு இருந்தால், எழுதியது 1968 அல்லது அதற்குப் பிறகு.

ஸ்டாக்ஹோம் நடுவிலுள்ள ஹோதோரியெட் கோபுரங்கள் படத்தில் இருந்தால் இன்னும் சுலபம்: எண்ணிப் பார்த்தால் போதும். வரிசையாக ஐந்து கட்டடங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொரு வடிவமைப்பாளர். முதலாவது 1950களின் நடுவில், கடைசி 1966இல் முடிந்தது. மூன்றுதான் நிற்கிறது, பக்கத்தில் கிரேன் என்றால் இடைப்பட்ட காலம்.

ஒரு லென்ஸும் வைத்துக்கொள்ளுங்கள். பெரிதாக்கினால் புள்ளி புள்ளியாகத் தெரிவது அச்சு. புள்ளியே தெரியாமல் சாம்பல் நிறம் வழுக்கிப் போனால் அது நிஜப் புகைப்படத் தாளில் எடுத்த பிரதி. கட்டடத்தின் நுணுக்கம் பார்க்க இரண்டாவதுக்கு ஈடில்லை. ஓரம் அலை அலையாக வெட்டிய கறுப்பு வெள்ளைக் கார்டுகளில் இது நிறையக் கிடைக்கும்.

எதில் தொடங்கலாம் என்று கேட்டால், ஓரெப்ரூ ஊரின் காளான் வடிவத் தண்ணீர்த் தொட்டி. சுனே லிண்ட்ஸ்ட்ரோம் வடிவமைத்து 1958இல் திறந்தது, உச்சியில் உணவகம். ஊருக்கே அடையாளம் என்பதால் விதவிதமான கார்டுகள் கிடைக்கின்றன, விலையும் கையைக் கடிக்காது. சிற்றூர்ச் சதுக்கங்கள்தான் அரிது, குறைவாக அச்சிட்டிருப்பார்கள்.

கிரூனா பழைய நகர்மன்றம் கண்ணில் பட்டால் யோசிக்காமல் எடுத்துவிடுங்கள். ஆர்தர் வான் ஷ்மாலென்சே வடிவமைத்து 1963இல் முடிந்த கட்டடம். அடுத்த வருடமே நாட்டின் உயரிய கட்டடக் கலை விருதான காஸ்பர் சாலின் பரிசு அதற்குக் கிடைத்தது. ஊருக்கடியில் இரும்புச் சுரங்கம் விரிந்து நிலம் வெடிப்பு விட்டதால், ஊரையே கிழக்கே நகர்த்துகிறார்கள். அதில் 2019இல் நகர்மன்றத்தை இடித்தார்கள். மணிக்கூண்டை மட்டும் கழற்றிப் புது நகர்மன்றத்தின் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். கட்டடமும் கூண்டும் ஒன்றாக நிற்கும் கார்டு என்னிடம் ஒன்றுதான் இருக்கிறது, அதிலும் மூலை மடங்கியிருக்கிறது. நல்லது கிடைத்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள்.