பல்லவி எங்கே அண்ணே?

மாதம் ஒரு ஆல்பம் என்று யாங்கோனில் சேர்ந்து கேட்கிற நம் கூட்டத்துக்கு இந்த முறை வாய்த்தது எம்ஜிஎம்டி என்கிற அமெரிக்க இசைக்குழுவின் இரண்டாவது ஆல்பம், 'கங்ராஜுலேஷன்ஸ்'. வந்து பல வருஷம் ஆகிறது, ஆனால் நம்மில் பாதிப் பேருக்குப் புதுசு. முதல் ஆல்பத்தில் ஹிட்டான 'கிட்ஸ்' பாட்டு மாதிரி இருக்கும் என்று நம்பி வந்தவர்கள் நாலாவது பாட்டிலேயே எழுந்து எதிர் டீக்கடைக்குப் போனதைப் பார்த்தேன். யார் யார் என்று சொல்லமாட்டேன். மீதிப் பேர் கேள்வி எழுதி அனுப்பினார்கள். காசெட் கடையில் எட்டு வருஷம், மைக் செட்டில் முப்பது வருஷம் நின்றவன் என்பதால் பதில் சொல்லும் வேலையை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

தொடங்குமுன் ரெண்டு விஷயம். ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டுவிட்டு ஆல்பத்தைத் திட்டாதீர்கள். கரண்ட் போய் வந்ததும் ஓடிப்போய் ஆம்ப்ளிஃபயரைப் போடாதீர்கள், ஐந்து நிமிஷம் பொறுங்கள்.

தாம்வே தம்பி: அண்ணே, 'கிட்ஸ்' பாடின அதே ஆளுங்கதானா இவங்க? பேரு மட்டும் ஒண்ணா?

அதே ஆட்கள்தான் தம்பி. ஆண்ட்ரூ வான்வின்கார்டன், பென் கோல்ட்வாசர். அமெரிக்காவில் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் படிக்கும்போது விளையாட்டாகச் சேர்ந்தவர்கள். முதல் ஆல்பம் 2007 கடைசியில் இணையத்தில் வந்தது, 2008 ஜனவரியில் கடைக்கு வந்தது. அதில் 'டைம் டு ப்ரிட்டெண்ட்', 'எலெக்ட்ரிக் ஃபீல்', 'கிட்ஸ்' என்று மூன்று பாட்டு உலகம் சுற்றின. 'எலெக்ட்ரிக் ஃபீல்' பாட்டை ஜஸ்டிஸ் என்கிற பிரெஞ்சு ஜோடி மாற்றிப் போட்டதற்கு கிராமி விருதே கிடைத்தது. ஆக, ரசிகர்கள் நாலாவது ஒன்றுக்காகக் காத்திருந்தார்கள். 2010 ஏப்ரல் 13-ல் வந்தது இது. நமக்கு அது திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழா நேரம், ஊரே நனைந்துகொண்டிருக்கும். அவர்களுக்கும் அன்று தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரிதான் இருந்திருக்கும்.

பெகு வாசகர்: மூணு தடவை கேட்டேன் ஐயா. ஒரு ட்யூன்கூட மனசில் நிக்கலை. எனக்குக் காது போச்சா, அவங்களுக்கு ட்யூன் போச்சா?

இதுதான் கேள்வி. இதற்குக் கொஞ்சம் உட்கார்ந்து பேசவேண்டும்.

உங்கள் காதில் கோளாறு இல்லை. ஆனால் ஆல்பத்தில் ட்யூன் இல்லை என்பதும் சரியில்லை. என் கணக்கில் முதல் ஆல்பத்தைவிட இதில்தான் ட்யூன் அதிகம். சிக்கல் வேறு: ஒரு ட்யூன் ஒரு தடவை வந்தால் திரும்பி வருவதில்லை.

'கிட்ஸ்' பாட்டை நினைத்துப் பாருங்கள். ஆரம்பத்தில் ஒரு கீபோர்டு வரி வரும், மூணு வயசுப் பிள்ளைகூட முணுமுணுக்கும். பாட்டு முழுக்க அதே வரி வந்து வந்து போகும். நம் சினிமாப் பாட்டில் பல்லவி செய்கிற வேலை அது. எங்கே சுற்றினாலும் வீட்டு வாசலுக்குக் கொண்டுவந்து விட்டுவிடும். இந்த ஆல்பத்தில் 'ஃப்ளாஷ் டெலிரியம்' என்று நாலாவது பாட்டு. நம் ஆட்கள் டீ குடிக்கப் போன இடம். நாலு நிமிஷச் சொச்சத்தில் அது எத்தனை தடவை சட்டை மாற்றுகிறது என்று எண்ணிப் பாருங்கள். மெதுவாகத் தொடங்கும், நடுவில் வேறொரு பாட்டு குறுக்கே வரும், கடைசியில் கத்தலில் போய் முடியும். ஒவ்வொரு துண்டும் நல்ல துண்டு. ஆனால் சரணத்துக்குப் பின் சரணம், அதற்குப் பின் சரணம். பல்லவிக்கு நாம் தலையை ஆட்டத் தயாராகும்போது வண்டி அடுத்த ஸ்டேஷன் போய்விட்டது.

ஆறாவது பாட்டு 'சைபீரியன் பிரேக்ஸ்', பன்னிரண்டு நிமிஷம். அதைப் பாட்டு என்று கேட்டால் கோபம் வரும். ராகமாலிகை என்று கேளுங்கள். ராகமாலிகையில் முதல் ராகம் ஏன் திரும்ப வரவில்லை என்று யாராவது சண்டை போடுகிறோமா? ஒரு ராகத்திலிருந்து அடுத்ததுக்கு எப்படி வழுக்கிப் போனார் என்பதில்தானே ருசி. இதிலும் அந்த வழுக்கலைக் கவனியுங்கள். நான் கேட்டபோது இரண்டு இடத்தில் எப்போது மாறினது என்றே பிடிபடவில்லை, பின்னால் தள்ளித் திரும்பக் கேட்டேன்.

எல்லாமே அற்புதம் என்று சொல்லவரவில்லை. எட்டாவது, பாடுகிற குரலே இல்லாத அந்த 'லேடி டாடாஸ் நைட்மேர்', எனக்கும் வீண். அதற்கு டீ குடிக்கப் போகலாம்.

கமாயுட் தங்கை: அட்டையில் இருக்கிற பூனை என்ன அண்ணா?

அலைச்சறுக்கு பண்ணுகிற பூனை. அதை விழுங்க வருகிற அலையும் பூனைதான். ஆந்தனி ஆஸ்காங் என்கிற ஓவியர் வரைந்தது. ஆல்பத்தின் ஒரு பகுதியைக் கலிபோர்னியாவில் மாலிபு கடற்கரைப் பக்கம் வீடு எடுத்துத் தங்கிப் பதிவு செய்தார்கள். கிதாரில் கடல் அடிப்பது அதனால்தான்.

வடக்கு ஒக்கலாப்பா: ஒரே இரைச்சலா இருக்கு. பேஸே இல்லை. மிக்ஸிங் தெரியாதவங்க பண்ணினதா?

எதில் கேட்டீர்கள்? பதிலை நானே சொல்கிறேன்: ஃபோனில். பேஸ் கிதாரின் அடித் தந்தி 41 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 41 அதிர்வு. உங்கள் ஃபோனின் கொட்டைப்பாக்கு ஸ்பீக்கர் சில நூறு ஹெர்ட்ஸுக்குக் கீழே வாயே திறக்காது. கட்டிடத்தின் தரைத்தளத்தை மறைத்துவிட்டு மாடி ஆடுகிறதே என்றால் எப்படி? மிக்ஸிங் செய்தவர் டேவ் ஃப்ரிட்மன், முதல் ஆல்பத்துக்கும் அவர்தான். கூட இருந்து தயாரித்தவர் ஸ்பேஸ்மென் 3 குழுவின் பீட் கெம்பர், சோனிக் பூம் என்று பெயர் வைத்துக்கொண்டவர். ரெண்டு பேருக்கும் மிக்ஸிங் தெரியும்.

தாக்கேத்தா: 'கிட்ஸ்' மாதிரி ஒரு பாட்டு இந்த ஆல்பத்தில் எத்தனாவது?

இல்லை. பெகுக்காரருக்கு எழுதினதைப் படிக்கவும்.

மோல்மீன் பெரியவர்: நீங்க சொல்ற மாதிரி, பழகின ஆள் பழகாத பாட்டைப் போட்டு ஜனங்க முழிச்சது நம்ம பக்கம் நடக்கலையா?

நடந்தது ஐயா, என் கடையிலேயே. இளையராஜா 1986-ல் 'ஹவ் டு நேம் இட்?' போட்டார். தியாகராஜருக்கும் ஜெர்மன் இசைமேதை பாஃகுக்கும் சமர்ப்பணம், நரசிம்மனின் வயலின், சினிமாவும் இல்லை பாடகரும் இல்லை. அடுத்த வருஷம் கப்பலில் வந்த ஒருவர் மூலம் எங்கள் கடைக்கு அதில் ஒரு பிரதி கிடைத்தது. ராஜா படம் இருக்கிறது என்று ஒரு பெரியவர் 75 சாட் நோட்டை நீட்டி வாங்கிப் போனார். மறுநாள் வந்து காசெட்டை மேசையில் வைத்து, "தம்பி, இதில் பாட்டு அழிஞ்சு போச்சு, மேளம் மட்டும்தான் மிச்சம் இருக்கு, மாத்திக் கொடு" என்றார். வேறொன்று கொடுத்து அனுப்பினேன். அவர் கொடுத்த நோட்டை முதலாளி பத்திரமாக வைத்தார். அந்த செப்டம்பரில் 75 சாட் நோட்டே செல்லாது என்று அரசாங்கம் அறிவித்துவிட்டது. காசெட் மட்டும் என்னிடம் இன்னும் இருக்கிறது.

திங்கான்ஜுன் மாமா: இவ்வளவு விளக்கம் எதுக்குப்பா? நாம காப்பி தச்சின் கேட்டு வளர்ந்த ஊர். வெள்ளைக்காரன் ட்யூன், பர்மியப் பாட்டு, கேட்டதும் பிடிக்கும். பிடிக்கிற மாதிரி பாடத் தெரிஞ்சவன் ஏன் பிடிக்காத மாதிரி பாடணும்?

மாமா வந்துவிட்டார். வெளியூர் வாசகர்களுக்கு: காப்பி தச்சின் என்றால் வெளிநாட்டு மெட்டை அப்படியே எடுத்து அதில் பர்மிய வார்த்தை போட்டுப் பாடுவது. இங்கே பல பத்தாண்டாக அதுதான் பெரிய வியாபாரம். சொந்த மெட்டு போட்டால் அதற்கு 'ஓன் ட்யூன்' என்று தனிப் பெயரே வைக்கவேண்டியிருந்தது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மாமா, உங்கள் கேள்வியிலேயே எனக்கு வேண்டியது இருக்கிறது. காப்பி அடிக்க எது வேண்டும்? திரும்பத் திரும்ப வருகிற ஒரு வரி. 'சைபீரியன் பிரேக்ஸ்' பாட்டைக் காப்பி அடித்துக் காட்டுங்கள், சோறு போடுகிறேன்.

இன்சீன் தங்கை: குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும் அண்ணா. நான் சொந்த மெட்டு போடுற குழுவில் கிதார் வாசிக்கிறேன். காப்பிக்காரங்க மேடைக்கு முன்னூறு பேர், எங்களுக்கு முப்பது பேர். மாமா சொல்றது திருட்டை நியாயப்படுத்துறது இல்லையா?

திங்கான்ஜுன் மாமா: திருட்டா? பர்மிய மொழி தெரியுமா உனக்கு? சுருதி மாறினா அர்த்தம் மாறுற மொழி. வெள்ளைக்காரன் மெட்டில் அந்த வார்த்தையை உட்கார வைக்கிறது சாமர்த்தியம்மா, சாமர்த்தியம்!

ரெண்டு பேரும் பொறுங்கள். சாமர்த்தியம் என்பதில் மாமா சரி. ஏறும் மெட்டில் இறங்கும் சொல்லை வைத்தால் பாட்டு உளறலாகிவிடும். அதை ஒரே ராத்திரியில் எழுதிக் கொடுக்கிற ஆட்களைப் பார்த்திருக்கிறேன், கும்பிடவேண்டும். சட்டத்தைக் கேட்டால், வெகுகாலம் இங்கே இருந்தது 1914-ன் பிரிட்டிஷ் காலத்துக் காப்புரிமைச் சட்டம். வெளிநாட்டுக்காரர் பாட்டுக்கு அதில் இடமே இல்லை. புதுச் சட்டம் 2019-ல்தான் வந்தது. ஆக மாமாவின் இளமைக்காலத்தில் அது குற்றமில்லை. சரியா என்பது வேறு கேள்வி.

இதே எம்ஜிஎம்டிக்கும் இந்த வலி உண்டு. பிரான்சில் அப்போதைய அதிபர் சார்க்கோசியின் கட்சி 'கிட்ஸ்' பாட்டைக் கேட்காமல் தன் கூட்டத்திலும் வீடியோவிலும் போட்டது. ஆட்சேபித்தபோது நஷ்டஈடாக ஒரு யூரோ தருகிறோம் என்றார்கள். ஒரே ஒரு யூரோ! அப்போது அந்தக் கட்சிதான் இணையத் திருட்டுக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்துகொண்டிருந்தது. கடைசியில் 30,000 யூரோவுக்கு முடிந்தது, 2009-ல்.

திங்கான்ஜுன் மாமா: நாங்க ஒரு யூரோகூடக் கொடுத்ததில்லை. ஆனா அந்தப் பாட்டை மறக்காம அறுபது வயசு வரை பாடறோம். அது கணக்கில் வராதா?

வரும் மாமா. அதை நான் மறுக்கமாட்டேன்.

இன்சீன் தங்கை: நான் மறுப்பேன்.

சரி. நாற்பது நிமிஷம் போச்சு. ஆல்பத்துக்குத் திரும்புவோம்.

சான்சவுங்: ரசிகர்களைத் துரத்தணும்னு வேணும்னே பண்ணினாங்களா?

துரத்த அல்ல. முழு ஆல்பமாகக் கேட்க வேண்டும், தனிப் பாட்டாக உருவி எடுக்க வேண்டாம் என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். மார்ச் மாதம் ஆல்பம் திருட்டுத்தனமாக வெளியே கசிந்தபோது, தாங்களே முழுசாகத் தங்கள் தளத்தில் போட்டுவிட்டார்கள். அப்படியும் அமெரிக்க ஆல்பப் பட்டியலில் முதல் வாரம் இரண்டாம் இடம். வாங்கினார்கள், கேட்டார்கள், பிறகுதான் திட்டினார்கள். 2018-ல் 'லிட்டில் டார்க் ஏஜ்' என்று திரும்பவும் பிடிக்கிற மாதிரி ஒன்று போட்டார்கள், டிக்டாக்கில் அதைத்தான் நீங்கள் எல்லோரும் கேட்டிருப்பீர்கள். கை மறந்துபோகவில்லை.

மாந்தலே வாசகி: 'பிரையன் ஈனோ'ன்னு ஒரு பாட்டு, 'டான் ட்ரீஸி'ன்னு ஒரு பாட்டு. யார் இவங்க?

இருவரும் ஆங்கிலேயர்கள். ஈனோ, ராக்ஸி மியூசிக் குழுவில் இருந்து, பிறகு சத்தமே இல்லாத மாதிரியான இசைக்குப் பெயர் வாங்கியவர். ட்ரீஸி, டெலிவிஷன் பர்சனாலிட்டீஸ் என்ற குழுவின் பாடகர். வித்வான் தன் குருவின் பெயரை முத்திரையாக வைக்கிற மாதிரி எடுத்துக்கொள்ளுங்கள்.

லத்தா: என் புளூடூத் ஸ்பீக்கர் கரண்ட் வந்ததும் டப்புனு...

ஐந்து நிமிஷம். மேலே எழுதியிருக்கிறேன்.

தகோன்: நல்ல இயர்ஃபோன் எது வாங்கலாம்?

இது ஆல்பம் கேள்வி நேரம். கடைக்காரரைக் கேளுங்கள்.

இன்னொரு தாம்வே தம்பி: அண்ணே, 'கிட்ஸ்' மாதிரி...

இல்லை.

இன்சீன் தங்கை: கடைசிப் பாட்டு முடியும்போது கைதட்டல் கேக்குதே அண்ணா, ரெண்டு மூணு பேர் தட்டுற மாதிரி. அது நிஜமா, கிண்டலா?

பாட்டின் பெயரும் 'கங்ராஜுலேஷன்ஸ்', அதாவது 'வாழ்த்துகள்'. வெற்றி வந்த பிறகு என்ன என்று சோர்ந்துபோய்க் கேட்கிற பாட்டு. அது அடங்கியதும் தயங்கித் தயங்கி நாலு கை தட்டும், நின்றுவிடும். கிண்டல் பாதி இருக்கும். மீதிப் பாதி எனக்கு நன்றாகத் தெரிந்த சத்தம்.

ஒரு தீமிதி ராத்திரி, கோயில் மேடைக்கு மைக் செட் என்னுடையது. ஒரு பையன் சினிமாப் பாட்டு நாலு பாடினான், கூட்டம் விசிலடித்தது. ஐந்தாவதாகத் தானே மெட்டுப் போட்ட ஒன்றைப் பாடினான். ஜனங்கள் பிரசாத வரிசைக்கு நகர்ந்துவிட்டார்கள். நான் ஹெட்ஃபோனில் இருந்தேன், மேடை மைக் வழியாக ஒவ்வொரு கையும் தனித்தனியாகக் கேட்டது. அவன் அம்மா தட்டினாள். நான் தட்டினேன். மூன்றாவது யார் என்று திரும்பிப் பார்த்தேன், ஜெனரேட்டர்காரர்.